ஸௌரிராஜன் வானுக்கு அனுப்பிய புளியோதரை

காற்றின் கோத்திரம் சொல்லும் கனவானே! மேகங்களைச் செல்லப் பெயர் சொல்லி அழைத்து, அவற்றை வரிசையில் நிற்கவைத்த வல்லவரே! வளிமண்டல ஆய்வு நிலையத்திலிருந்து இன்று பணி நிறைவு பெறும் பெருந்தகை ஸௌரிராஜன் அவர்களே! வானிலைப் பலூன் பறக்கவிடும் திடல் ஊழியர்களின் பணிவான வணக்கம்.

தாங்கள் வானத்தை அளந்த முப்பத்து நான்கு ஆண்டுகளும் தங்கள் துணைவியார் அலர்மேல் அம்மையார் ஆழ்கடலை அளந்தார். மகள் கோதாவும் வளர்ந்து, அம்மாவின் ஆய்வுக் கப்பலிலேயே ஏறிவிட்டார். குடும்பத்தின் ஒரு கண் மேகத்துக்கு மேலே, இரண்டு கண் கடலுக்கு அடியிலே. நடுவே திருப்பதி வீட்டுக்குப் பூட்டு!

பலூனை விடுமுன் நாங்கள் கயிற்றைப் பார்ப்போம். தாங்களோ, "காத்து கிழக்கயா போறது?" என்று கேட்பீர்கள். கிழக்கே கடல். காரணத்தை நாங்கள் கேட்டதில்லை.

ஓர் ஆடி மாதம், அம்மையாரின் கப்பல் கரையோரம் வந்திருந்த வேளை, கருவிப் பெட்டியோடு புளியோதரைப் பொட்டலத்தையும் பலூனில் கட்டினீர்கள். திடலின் காற்றுக் கொடி கிழக்கே பறந்தது. ஆடியில் தரையோரக் காற்று கிழக்கே போனாலும் உயரத்துக் காற்று மேற்கே போகும் என்று எங்களுக்குப் பாடம் எடுத்த மேதை, அன்று ஆசையில் கொடியை நம்பினீர்கள்! பொட்டலத்தின் ஈரம் கருவியில் ஏறி, அன்றைய ஈரப்பத வரைபடத்தில் வானமே புளிப்பேறி இருந்தது.

மறுநாள் மேற்கே பங்காருபாளையத்திலிருந்து மாந்தோப்புக்காரர் பாலையா பெட்டியோடு வந்தார். "இந்தா சார் பொட்டி. சோறு ஐஸா கெடந்துச்சி, வெய்யில்ல வெச்சித் துன்னுட்டோம். உப்புதான் கம்மி."

தாங்களும் சிரித்தீர்கள். பிறகு கிழக்கே பார்த்தபடி டீயை ஆறவிட்டீர்கள். அந்த டம்ளரை எடுத்துக் கொட்ட எங்களில் எவருக்கும் மனம் வரவில்லை.

இன்று முன்வரிசையில் இரண்டு நாற்காலிகள் காலி. தாங்கள் அவற்றையே பார்ப்பதை நாங்களும் பார்க்கிறோம். ஐயா, அம்மையாரும் கோதாவும் இருக்கும் கப்பல் நாளை விடியலில் சென்னைத் துறைமுகம் சேர்கிறது. ஒரு பகல் மட்டுமே நிற்கும். ஆகவே தங்கள் ஏற்புரை, குழுப் புகைப்படம், கேசரி அனைத்தும் ரத்து! வாசலில் நம் ஓட்டுநர் வேங்கடேஷ் ஜீப்பைக் கிளப்பி வைத்திருக்கிறார். முன்சீட்டில் புளியோதரை இருக்கிறது. உப்பு சரி என்று பாலையா ருசி பார்த்துச் சொல்லிவிட்டார்.

நோயின்றி நெடுநாள் வாழ்க! மூவரும் ஒரே மட்டத்தில் அமர்ந்து உண்ணும் நாள்கள் பெருகுக! கிழக்கே புறப்படுங்கள், ஐயா. இம்முறை காற்றைக் கேட்க வேண்டியதில்லை.

என்றும் அன்புடன்,
பலூன் திடல் ஊழியர்கள்