குட்டை தெளிந்த வாரம்

மழைத் தண்ணீரைப் போலச் சுத்தமானது எதுவும் இல்லை என்று எஞ்சினியர் மயூரதன் ஐயா அடிக்கடி சொல்வார். எனக்கும் அதில் மறுப்பில்லை, சேர்.

பூண்டுலோயா போகும் பாதையில் அவர் அப்போது கட்டிக்கொண்டிருந்த ஹோட்டலுக்குப் பசுமைக் கட்டிடம் என்று பெயர். கூரையில் விழும் மழை மூன்று தாங்கிகளுக்குப் போகும். அது விருந்தாளிகளுக்கு. வெட்டிப்போட்ட மண்ணில் விழும் மழை ஒரு குட்டைக்கு வரும். அங்கே மண் அடியில் படிந்து, மேல் தண்ணீர் ஓடையில் இறங்கி, தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகளுக்கான பீலியில் கொட்டும். அது எங்களுக்கு. குட்டையைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

2008 ஜூன் மழையில் குட்டை நிரம்பி வழிந்தது. பீலியில் சிவப்பாகத் தண்ணீர் வந்தது. பழனியாண்டி மாமா குடத்தோடு நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன மாப்ள, பிளேன் டீயே அனுப்பிட்டீங்க. சீனி எப்ப வரும்?"

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு துணியில் வடிகட்டி, கொதிக்க வைத்துக் குடித்தார்கள். கோபப்பட ஒருவருக்கும் தெரியவில்லை. நான்தான் அறுபத்திரண்டு கையெழுத்து வாங்கிக்கொண்டு சுகாதார அதிகாரியிடம் போனேன். அவர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி சிங்களத்தில் சொன்னார்: மண்ணால் யாரும் படுக்கவில்லையே, யாராவது நோயில் விழுந்தால் வா, அன்றைக்கே வேலையை நிறுத்துகிறேன்.

அவர் சொன்னது நியாயம்தான். அவருக்கு வேண்டியது மனு இல்லை, நோயாளி.

கட்டிட வேலையாட்களின் கக்கூஸ் குழி குட்டைக்கு மேலே இருந்தது. அதன் கழிவு ஒரு வடிகால் கானில் வேறு பக்கம் ஓடியது. மண்வெட்டியால் நாலு வெட்டு வெட்டி அதைக் குட்டைக்குத் திருப்பினேன். மேலே பலகை போட்டு மூடினேன்.

மயூரதன் ஐயாவுக்கு இது தெரியாது. அவருக்குக் கலங்கல்தான் கவலை. "தம்பி, பசுமைக் கட்டிடச் சான்றிதழுக்குச் சோதிக்க வாற ஆக்கள் போத்தலைத் தூக்கிப் பாப்பினம். தண்ணி தெளிவா நிக்கோணும்" என்று ஒரு மூட்டை படிகாரம் வாங்கித் தந்தார். கரைத்து ஊற்றினேன். இரண்டு நாளில் மண் அடியில் உட்கார்ந்தது. வந்தவர்கள் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தலையாட்டினார்கள். ஐயா என் முதுகில் தட்டினார்.

பீலியிலும் தெளிந்த தண்ணீர் வந்தது. மழைக்காலத்தில் எங்கள் லயத்தில் காய்ந்த விறகு கிடையாது. தெளிந்த தண்ணீரை யாரும் சுட வைக்க மாட்டார்கள். நான் அங்கேயே பிறந்தவன், அது எனக்குத் தெரியும். வீட்டில் அம்மாவிடம் மட்டும் கொதிக்க வைக்கச் சொன்னேன். அவருக்கு வயதாகிவிட்டது.

நாலாவது வாரம் மஞ்சள்காமாலை வந்தது. பதினொரு பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அதிகாரி ஜீப்பில் வந்தார். வேலை நின்றது. மேலே உள்ள ஊற்றிலிருந்து லயத்துக்குத் தனிக் குழாய் போட்டார்கள். இன்றைக்கும் அதில்தான் குடிக்கிறார்கள். நூறு வருசமாகக் கும்பிட்டுக் கேட்டு வராத குழாய் அது. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

பத்துப் பேர் பிழைத்து வந்தார்கள். பழனியாண்டி மாமாவின் மருமகள் லெட்சுமி வரவில்லை. ஏழு மாதம். பிள்ளையும் போய்விட்டது. அதைத் தவறுதலாக நடந்த சாவு என்று என் வாக்குமூலத்தில் எழுதலாமா என்று கேட்டீர்கள். எழுதலாம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்.

குட்டை தெளிந்த அன்று அவள் பீலியில் என்னை நிறுத்தினாள்.

"அண்ணே, குட்டையப் பாக்குறவரு நீங்கதானே. இனி சுட வைக்காமக் குடிக்கலாமுங்களா? வெறகெல்லாம் ஈரம், புகையில கண்ணு எரியுது."

"தாராளமாக் குடிங்க" என்றேன்.

அவள் வயிற்றை நான் பார்க்காமல் இல்லை, சேர். கிழவர்கள் பத்துப் பேர் படுத்தால் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி படுத்தால்தான் அந்த அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்திருப்பார்.