பத்து கிலோமீட்டருக்குள் கோழி கூடாது

கோழியின் வயிற்றுக்குள் எலுமிச்சைப்புல்லை முடிந்து வைத்துச் சுட்டால்தான் மணம் எலும்பு வரை இறங்கும், சார். நிறையப் பேர் மேலே பூசுவதோடு விட்டுவிடுகிறார்கள். இந்த இலோய்லோ நகரத்தில் பதினோரு வருடமாகக் கோழி சுடுகிறேன். அதனால் சொல்கிறேன்.

முதல் ஒன்பது வருடம் ஒரு கம்பெனியின் பிரான்சைஸ் கடையாக நடத்தினோம். கையெழுத்துப் போட்டவர் என் கணவர் நிக்கானோர். பிறகு கம்பெனியே பஸ் நிலையத்தில் கடை போட்டது. எங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அவர்களுடைய வக்கீல் தெலெஸ்ஃபோரோ நேரில் வந்து பதினான்காவது விதியை வாசித்தார். ஒப்பந்தக்காரரும் அவர் மனைவியும் இரண்டு வருடத்துக்குப் பத்து கிலோமீட்டருக்குள் சுட்ட கோழி விற்கக் கூடாது.

"குடல் மட்டும் சுட்டு வித்தா?" என்று நிக்கானோர் கேட்டார்.

"குடலும் கோழிதானப்பா."

"நாளைக்கே நான் செத்துட்டேன்னு வைங்க?"

வக்கீல் சிரித்தார். "செத்தவனை எந்த ஒப்பந்தமும் கட்டுப்படுத்தாது. உங்க வீட்டம்மாவும் அப்போ மனைவி இல்லை, விதவை. தாராளமா சுடலாம்."

நல்ல மனிதர். எதையும் புரியும்படி சொல்வார்.

அடுத்த மாதம் கிமாரஸ் தீவிலிருந்து வந்த படகு கவிழ்ந்தது. பயணிகள் பட்டியலில் நிக்கானோர் பெயர் இருந்தது. அவரோ நண்பன் வீட்டில் குடித்துவிட்டுத் தூங்கிப் படகைத் தவறவிட்டிருக்கிறார். மறுநாள் போனில் சொன்னார். பட்டியலில் இருந்து பெயரை அடிக்கச் சொல்லத்தான் நான் துறைமுகத்துக்குப் போனேன். சத்தியமாக அதற்குத்தான். அங்கே இருந்த அதிகாரி என் பெயரைக் கேட்டதும் ஒரு பிணத்தின் மேலிருந்த துணியை விலக்கினார். முகம் அடையாளம் தெரியாத அளவுக்கு ஊதியிருந்தது.

"உங்க வீட்டுக்காரராம்மா?"

எனக்குப் பதினான்காவது விதி ஞாபகம் வந்தது. ஆமாம் என்றேன்.

மூன்றாம் நாள் நிக்கானோர் மாம்பழக் கூடையோடு பின்வாசல் வழியாக வந்தார்.

"மிலா, யாருக்கு இந்தச் சவப்பெட்டி?"

"உனக்குத்தான். சத்தம் போடாதே, ஜனம் இருக்கு."

மாடிக்குக் கூட்டிப்போய் விளக்கிச் சொன்னேன். புரிந்துகொண்டார். கீழே துக்கத்துக்கு வந்தவர்கள் வழக்கப்படி சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட்டு வருகிறேன் என்று கெஞ்சினார். அதை மட்டும் நான் அனுமதிக்கவில்லை. கம்பெனி பெரிய மலர்வளையம் அனுப்பியிருந்தது. அது தனக்கென்று தெரிந்ததும் அவருக்குக் கண் கலங்கியது.

பத்தாம் நாள் கடையைத் திறந்தேன். விதவை கடை என்று கூட்டம் அதிகமாகவே வந்தது. நிக்கானோர் பின்கட்டில் கோழி வெட்டினார். என் புது மசாலாவை அவர் கற்றுக்கொண்டுவிட்டதால், பாதுகாப்புக்காக ஒரு தாள் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். கம்பெனித் தாளைப் பார்த்துத்தான் எழுதினேன். இரண்டு வருடம் என்பதை ஆயுள் முழுக்க என்று மாற்றினேன், அவ்வளவுதான்.

இரண்டு வருடம் முடிந்த அன்று காலையில் அவர் சட்டை மாட்டிக்கொண்டு நின்றார்.

"தடை முடிஞ்சு போச்சு மிலா. இனி நான் உயிரோட இருக்கலாமில்ல?"

"இப்போ எதுக்கு அவசரம்? கடை உரிமம் விதவை பேர்ல இருக்கு."

"மாசா மாசம் என் கல்லறைக்கு நீ பூ வாங்குறே. எனக்கு ஒரு செருப்பு வாங்கினியா?"

அன்றே போய்விட்டார். ஒரு வாரத்தில் எதிர்ச்சாரியில் அடுப்பு வைத்தார், சார். என் மசாலா, என் எலுமிச்சைப்புல். மீசையை எடுத்துவிட்டதால் தெருக்காரர்கள் செத்தவரின் தம்பி என்று நினைக்கிறார்கள். தாளை எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன். அவர் கோழியைத் திருப்பிக்கொண்டே சொன்னார்:

"செத்தவனை எந்த ஒப்பந்தமும் கட்டுப்படுத்தாதும்மா. வக்கீலைக் கேட்டுப் பாரு."

கேட்டேன். தெலெஸ்ஃபோரோ யோசித்துவிட்டு, அவர் உயிரோடு இருந்தால்தான் தாள் செல்லும் என்றார்.

அதனால்தான் நானாகவே போலீஸ் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள். நிக்கானோர் சாகவில்லை. துறைமுகத்தில் நான் சொன்னது பொய். இப்போதே போய் அவர் கடையை மூடுங்கள்.

புதைத்தது யாரையா? நான் விசாரிக்கவில்லை, சார். போன வருடம் அந்தீக்கே பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். அதே படகில் புருஷனைத் தொலைத்தவள், பட்டியலில் பெயரேறாமல் ஏறினவனாம். படத்தைக் காட்டினாள். தெரியாது என்றேன். ஊர் ஊராகத் தேடி ஓய்ந்திருந்தாள், பாவமாக இருந்தது. உட்காரவைத்துப் பாதிக் கோழி சும்மா கொடுத்தேன். நிக்கானோர் கடையாக இருந்தால் இறக்கை கூடக் கொடுத்திருக்க மாட்டார்.