எலிக்கு வந்த மருந்து

அக்கா: மெதுவா பேசு. அப்பா இப்பதான் கண் அசந்தார்.

தம்பி: தூங்கட்டும்... தூங்கினா நல்லதுதானே.

அக்கா: உட்கார்ந்தபடியே தூங்குறாரேடா. எப்பலேர்ந்து இப்படி?

தம்பி: படுத்தா மூச்சு முட்டுதாம். கொஞ்ச நாளா... லேசாத்தான்.

அக்கா: காலும் வீங்கியிருக்கு. அழுத்தினா குழி விழுது.

தம்பி: தொங்கப்போட்டே உட்கார்ந்திருக்கார்ல, அதனால...

அக்கா: மென்னு முழுங்காதே. ஊசி போட்டுக்கிட்டுத்தானே இருக்கே?

தம்பி: தினமும் காலையில. நீ காட்டிக் குடுத்த மாதிரியே, வயித்துத் தோல்ல. ஆராய்ச்சிக்காரிக்குத் தம்பியாப் பொறந்துட்டு இது கூடத் தெரியாதா?

அக்கா: காட்டிக் குடுத்தேன்தான்...

தம்பி: ஏன்க்கா முகம் வெளுத்துப்போச்சு? அந்த பெப்டைடு மருந்தாலதானா இது? அளவு கூடிப்போச்சா?

அக்கா: அதால இல்ல.

தம்பி: நேரா செல்லுக்குச் சக்தி குடுக்கிற மைட்டோகாண்ட்ரியாவைத் தேடிப் போய் ஒட்டிக்கும், தளர்ந்த இதயத்துக்குத் தெம்பு வரும்னு நீதானே சொன்னே?

அக்கா: எங்க லேப் எலிக்குன்னு சொன்னேன்.

தம்பி: அப்பாவுக்கும்தான் கேட்டுச்சு. முதல் வாரமே மாடி ஏறி வந்தார் தெரியுமா? பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்குடான்னார்.

அக்கா: ஏறினாரா... அந்த ஊசியிலயா?

தம்பி: பின்ன? மறைக்காம சொல்லுக்கா, அதுல என்ன இருக்கு?

அக்கா: ஒண்ணுமே இல்ல.

தம்பி: விளையாடாதே.

அக்கா: பாதி எலிக்கு மருந்து போடுவோம், மீதிக்கு வெறும் உப்புத்தண்ணி. ஒப்பிட்டுப் பாக்கணும்ல. குப்பி ரெண்டும் அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கும். உனக்குக் குடுத்தது உப்புத்தண்ணிடா.

தம்பி: எல்லாக் குப்பியுமா?

அக்கா: எல்லாமே. நீ கால்ல விழாத குறையா கெஞ்சினே. முடியாதுன்னா நீ வேற எங்கேயாவது கண்டதை வாங்கிப் போட்டுடுவேன்னு பயம். எலிக்கு வச்சிருக்கிறதை அப்பா உடம்புல ஏத்தவும் மனசு வரல.

தம்பி: அப்ப... இத்தனை நாளும்...

அக்கா: டாக்டர் குடுத்த இதய மாத்திரைதான் இருக்கே, அது பாத்துக்கும்னு நினைச்சேன். அதுவும் போதலை போல. அளவைக் கூட்டச் சொல்லுவோம். எழுந்திரு, வண்டியைக் கூப்பிடு... ஏன்டா அப்படியே உட்கார்ந்துட்டே?

தம்பி: அக்கா... ஊசியே போதும்னு, அப்பா மாடி ஏறின அந்த வாரமே மாத்திரையை நிறுத்திட்டேன்.