பெயரில்லாத மதிப்பீட்டாளர்

அயர்லாந்துக்கு நான் ஒரேயொரு முறைதான் போயிருக்கிறேன். போன நாளெல்லாம் மழை. என்றாலும் மெல்பேணில் அந்த நாட்டு வரலாறு பற்றி யாராவது புத்தகம் எழுதினால், பதிப்பகம் அதை என் மதிப்பீட்டுக்குத்தான் அனுப்பும். எழுதியவருக்கு என் பெயர் தெரியாது. அதுதான் முறை. உங்கள் விசாரணைக் குழு கேட்டதற்கு வருகிறேன்.

வினுஷாவின் பிரதியும் அப்படித்தான் வந்தது. பஞ்சத்துக்குப் பிறகு அயர்லாந்திலிருந்து கப்பலில் இங்கே கொண்டுவரப்பட்ட அநாதைப் பெண்களைப் பற்றியது. அதிகாரிகள் அவர்களை மந்தபுத்திக்காரர் என்று எழுதிவைத்தார்கள். அவர்களோ ஐரிஷ் மொழி மட்டுமே தெரிந்து, ஆங்கிலம் விளங்காமல் நின்றவர்கள் என்றாள் அவள். அதே பெண்களைப் பற்றி நானும் பல வருடங்களாக எழுதிக்கொண்டிருந்தேன். எனக்கு அது தோன்றவில்லை. ஒரே இருப்பில் வாசித்து முடித்தேன். திருத்த ஒன்றுமில்லை. மறுபடி எழுத வேண்டும் என்று அறிக்கை அனுப்பினேன்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளை. பல்கலைக்கழகத்தில் ஒப்பந்த வேலை. புத்தகம் ஏற்கப்பட்டால்தான் வேலை நீளும். வேலை போனால் விசாவும் போகும். இதை அவளே என்னிடம் சொன்னாள், மெல்பேண் ரோவிலில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில், என் மனைவி இரஞ்சிதம் போட்ட சோற்றைப் பிசைந்தபடி.

"அங்கிள், அந்த ஆள் ஆரெண்டு தெரிஞ்சா ஒண்டே ஒண்டு கேப்பன்."

"என்ன?"

"என்ர எழுத்தில என்ன பிழை எண்டு."

"மனம் விடாதை, பிள்ளை. அவர் சொன்ன மாதிரி இன்னொருக்கா எழுது," என்றேன்.

எழுதினாள். அடுத்த அறிக்கையில் ஆதாரம் போதாது என்றேன். அதையும் திருத்தினாள். கடைசி அறிக்கையில், இவருடைய ஆங்கிலம் இந்தத் துறைக்குப் போதாது என்று எழுதினேன். இளைஞனாக இருந்தபோது என் பிரதிக்கு வந்த அறிக்கையில் இருந்த வசனம் அது. ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். அழிக்கவில்லை.

விசா போய் ஊருக்குத் திரும்பியபோது அவளை விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டவனும் நான்தான். "நீங்கள் இல்லாட்டி எப்பவோ உடைஞ்சு போயிருப்பன், அங்கிள்," என்று கையைப் பிடித்தாள். திரும்பி வரும்போது காரின் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. அதைச் சாய்த்துவிட்டு ஓட்டினேன்.

இந்த வருடம் என் புத்தகம் வந்தது. அதில் ஆங்கிலம் விளங்காமல் நின்ற பெண்களைப் பற்றிய அத்தியாயம் அவளுடையது. பெரும்பாலும் அவளுடைய வசனங்களிலேயே. வெட்கமாகத்தான் இருக்கிறது. இரஞ்சிதத்தின் முகத்தைப் பார்த்துச் சாப்பிட முடியவில்லை. ஆனால் ஒன்றை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்: நன்றியுரையில் முதல் பெயர் வினுஷாவுடையதுதான். களவெடுக்க நினைத்தவன் அப்படிப் போடுவானா?