இரண்டு பாஸ்போர்ட், ஒரு டப்பா

தரை ஆடுகிறது. முதல் குண்டு சமையலறைப் பக்கம் விழுந்தது. இரண்டாவது எங்கே என்று தெரியவில்லை. காது அடைத்துவிட்டது. வாயெல்லாம் சுண்ணாம்பு.

"படு! கீழ படுபா! ஏழுமலை, படு!"

தனசேகரின் குரல். ஜெனரேட்டர் அறையின் வாசலில் நின்று கத்துகிறான். நான் படுத்துவிட்டேன். அவன் படுக்கவில்லை. ஜெனரேட்டர் நின்றால் மாடியில் ஆபரேஷன் நின்றுவிடும். திரும்பி உள்ளே போனான். மூன்றாவது குண்டு சீட்டியடித்துக்கொண்டு வந்தது. நான்கு எண்ணுவதற்குள் ஜெனரேட்டர் அறைமேல் விழுந்தது.

செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணி இருபது நிமிடம்.

அந்த நாட்டின் பெயரை நான் எழுதப்போவதில்லை. என்னோடு வேலை பார்த்தவர்கள் சிலர் இன்னும் அங்கே இருக்கிறார்கள். அது ஒரு ஆஸ்பத்திரி. நான் ஏசி மெக்கானிக். என் ஊர் தாமல். தனசேகர் மாகறல்காரன். காஞ்சிபுரத்தில் ஐடிஐயில் ஒரே பெஞ்சில் படித்தோம். ஒரே ஏஜெண்டு மூலமாக, ஒரே விமானத்தில் போனோம்.

சண்டை தொடங்கிய நாளிலிருந்து தனா பாஸ்போர்ட்டை இடுப்பில் கட்டிக்கொண்டே தூங்கினான். நான்தான் அதை அவிழ்த்து எடுத்தேன். ஒரு மூலை கருகியிருந்தது. படத்தில் முகம் தெளிவாக இருந்தது.

உடலைக் கொண்டுபோக வழியில்லை. மார்ச்சுவரி இருந்த கட்டிடமே இல்லை. உடைந்த கட்டில்களின் பலகைகள் இருந்தன. டீசல் இருந்தது. பின்பக்க முற்றத்தில் எரித்தோம். அவனுக்கு மகன் இல்லை. நான் கொள்ளி வைத்தேன். எரியும்போதும் தூரத்தில் சத்தம் நிற்கவில்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒன்று. எண்ணிக்கொண்டே நின்றேன்.

சாம்பலை ஒரு பால் பவுடர் டப்பாவில் போட்டேன். கேரளத்து நர்ஸ் ஒருவர் காயத்துக்குக் கட்டும் துணியால் அதைச் சுற்றிக் கட்டித் தந்தார். டாக்டர் மருந்துச் சீட்டில் மரணச் சான்று எழுதினார். கையெழுத்துப் போட்டார். சீல் இல்லை. சீல் இருந்த அலுவலகம் திங்கட்கிழமையே எரிந்துபோயிருந்தது.

அந்தச் சீல்தான் எங்களைத் துரத்தப்போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

புதன்கிழமை. பஸ்ஸில் பதினாறு மணி நேரம். ஏழு இடங்களில் நிறுத்தினார்கள். ஒவ்வோரிடத்திலும் துப்பாக்கி முனையால் ஜன்னலைத் தட்டுவார்கள். டக், டக். பாஸ்போர்ட்டை உயர்த்திக் காட்ட வேண்டும். என்னுடையதை மட்டும் காட்டினேன். தனாவுடையது என் சட்டைக்குள் இருந்தது. டப்பா மடியில்.

வியாழன். எல்லைக்கு அப்பால் பக்கத்து நாட்டின் விமான நிலையம். அங்கேயிருந்த அதிகாரி டப்பாவைத் திறந்து பார்த்தார். சீட்டைப் படித்தார். அவருக்கு அந்த மொழி தெரியும். மூடினார். நெஞ்சில் கை வைத்தார். போ என்று தலையசைத்தார்.

இனிமேல் பயமில்லை என்று நினைத்தேன்.

அன்று மதியம் ஒன்றரை மணி. நடுவில் இறங்கி விமானம் மாற வேண்டிய ஊர். சென்னை விமானத்துக்கு ஒரு மணி நாற்பது நிமிடம் இருந்தது. தரையெல்லாம் கண்ணாடி போலப் பளபளத்தது. கடைகளில் வாசனைத் திரவியம். யாரும் ஓடவில்லை. யாரும் கத்தவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. எங்கோ ஒரு தள்ளுவண்டி கவிழ்ந்தது. நான் தரையில் படுத்துவிட்டேன். சுற்றியிருந்தவர்கள் விலகி நின்றார்கள். எழுந்து பையைத் துடைத்துக்கொண்டேன்.

போர் நடக்கும் நாட்டிலிருந்து வந்தவர்களை வரிசையிலிருந்து தனியாகப் பிரித்தார்கள். பைகள் எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் போயின. பெல்ட் நின்றது. மீண்டும் பின்னால் போனது. மீண்டும் நின்றது. திரையைப் பார்த்தவர் கையுறை மாட்டினார்.

ஜன்னல் இல்லாத ஒரு அறை. மேசைமேல் டப்பா. என் உடம்பைத் தடவிச் சோதித்தார்கள். சட்டைக்குள்ளிருந்து தனாவின் பாஸ்போர்ட் வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். அதிகாரி தனாவின் படத்தின்மேல் விரலை வைத்தார். இந்த ஆள் எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

எனக்கு ஆங்கிலம் வரவில்லை. டப்பாவைக் காட்டினேன்.

அவர் புரியாமல் என்னைப் பார்த்தார். அடுத்தவர் பாஸ்போர்ட்டோடும் ஒரு டப்பா தூளோடும் வந்த ஆள். அவருக்கு நான் அவ்வளவுதான். கதவை வெளியிலிருந்து பூட்டும் சத்தம் கேட்டது. கடிகாரத்தில் இரண்டு பத்து.

தமிழ் தெரிந்த ஒருவரை அழைத்துவந்தார்கள். சாமான் ஏற்றும் பிரிவில் வேலை. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நரைத்த தாடி. பெயர் அன்சர்.

"எந்த ஊருபா?"

"காஞ்சிபுரம் பக்கம். தாமல்."

"நான் ஆற்காடு. இத பாரு, உள்ளத உள்ளபடி சொல்லிடு. போதைத் தூளுன்னு நெனச்சிக்கினு இருக்கறாங்க. இன்னா இது?"

"ஆளுண்ணே. என்கூட வேல செஞ்ச ஆளு."

அன்சர் டப்பாவைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். பிறகு அவர்கள் மொழியில் மெதுவாகச் சொன்னார். டப்பாவுக்கு மிக அருகில் நின்ற அதிகாரி ஓரடி பின்னால் போனார்.

நம்பினார்கள். நம்பியும் பயனில்லை. மருந்துச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். சீல் எங்கே? தூதரகக் கடிதம் எங்கே? அன்சர் எனக்காக மன்றாடினார். மேலதிகாரி வந்தார். கைகட்டி நின்று கேட்டார். முடியாது என்று தலையை ஆட்டினார்.

அன்சர் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கடுதாசி வந்தா டப்பாவ வுடுவாங்களாம். நாளைக்கும் நாளான்னைக்கும் ஆபீஸ் லீவு. உனக்கோ இந்த ஃப்ளைட்டு வரைக்கும்தான் பர்மிஷன். அத வுட்டீன்னா எங்கருந்து வந்தியோ அங்கயே திருப்பி அனுப்பிடுவாங்க."

"அங்க போனா?"

"அங்க ஒன்ன எல்லைக்குத்தான் ஓட்டுவாங்க."

டப்பாவைப் பார்த்தேன். சுவரில் கடிகார முள்ளின் சத்தம் கேட்டது.

"கொழந்தைங்க இருக்குதா?"

"ரெண்டு."

"எழுந்திரு."

எழுந்தேன். இதை நான் யாருடைய தலையிலும் கட்டவில்லை. என் கால்தான் எழுந்தது. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். ரசீது கொடுத்தார்கள். பாஸ்போர்ட்டையாவது கொடுங்கள் என்று கும்பிட்டேன். அது இல்லாமல் அவன் செத்ததை ஊரில் எந்த ஆபீசும் எழுதிக்கொள்ளாது. மேலதிகாரி நெடுநேரம் யோசித்தார். பிறகு மேசைமேல் என் பக்கமாகத் தள்ளினார்.

டப்பாவில் கை வைத்தேன். "வந்துடறேன்பா" என்றேன். பொய் என்று சொல்லும்போதே தெரியும்.

அன்சர் எனக்கு முன்னால் ஓடினார். வழியை மறித்து நின்றவர்களிடம் கத்தினார். கதவு மூட நான்கு நிமிடம் இருந்தது.

சென்னை. அதே வியாழன், இரவு. பாஸ்போர்ட் கவுண்டரில் ஒரு பெண் அதிகாரி. இரண்டையும் நீட்டினேன்.

"இவரு எங்க?"

"இல்லம்மா."

அவர் எழுந்து நின்றார். தனாவின் பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் திருப்பித் தந்தார்.

அடுத்து கஸ்டம்ஸ். மேசைக்குப் பின்னாலிருந்தவர் தலை நிமிராமல் கேட்டார்.

"டிக்ளேர் பண்ண எதுனா இருக்குதா?"

"ஒண்ணுமில்ல சார்."

அந்த வார்த்தை இன்னும் என் வாயில் இருக்கிறது.

வெளியே கல்பனா நின்றிருந்தாள். தனாவின் மனைவி. எல்லை தாண்டியதும் போனில் சொல்லியிருந்தேன். சாம்பலை மூன்று ஆறு கூடும் திருமுக்கூடலில் கரைக்க ஏற்பாடாகியிருந்தது. கையில் மஞ்சள் துணி சுற்றிய புதுச் சட்டி. என் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்தாள்.

"எங்கண்ணா?"

சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. நான் எழுந்ததையும் சொன்னேன். அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"நீயாவது வந்தியே" என்றாள். சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காரில் ஏறினாள். ஊர் வரும்வரை அதை மடியிலிருந்து இறக்கவில்லை.

சென்னைக்கும் டெல்லிக்கும் கடிதம் எழுதினோம். ஐந்து கடிதம். கடைசிக்குப் பதில் வந்தது. உரிமை கோரப்படாத பொருட்கள் விதிப்படி அழிக்கப்பட்டன. இரண்டே வரி. நல்ல சீல் இருந்தது.

கல்பனா இதுவரை என்மேல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

மறந்துவிடக் கூடாது என்று எண்ணி எழுதுகிறேன். ஜெனரேட்டர் அறையில் தனசேகர், ஒருவன். சமையலறையில் மூன்று பேர். அவர்களில் ஒருவர் எனக்குத் தினமும் டீ கொடுத்தவர். மாடியில் ஆபரேஷன் மேசையில் கிடந்த நோயாளி, வெளிச்சம் போனபின் இறந்தாள். அவள் ஒன்பது வயதுப் பெண். டப்பா கட்டித் தந்த நர்ஸ், நாங்கள் கிளம்பிய மறுநாள். அவரோடு சேர்த்து ஆறு.

துணி துவைக்கும் அறையில் உள்ளூர்ப் பெண்கள் வேலை பார்த்தார்கள். சண்டையின் முதல் நாளே கூரை இடிந்து விழுந்தது. உள்ளே எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை. பெயர்ப் பதிவேடும் எரிந்துபோனது. ஆறோடு அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.