உறங்காத பாளையத்துக்கு ஒரு வாசகியின் கருத்து

முதல் ஐந்து அத்தியாயங்கள் நன்றாகத்தான் இருந்தன. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கதையை நான் வெறுப்போடு திறக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் அம்மா, ஏன் செய்தேன் என்று என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். என் கையெழுத்து தெளிவாக இருக்கும். இருபத்திரண்டு வருடங்களாக ரத்தக் குழாய்களின் மேல் பெயர் எழுதுகிற கை.

நான் பொற்கொடி. வயது நாற்பத்தாறு. தனியாக இருக்கிறேன். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். காலையில் ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பேன். பிறகு லேபில் உட்கார்ந்து சோதித்து ரிப்போர்ட் அடிப்பேன். சின்ன லேப். இரண்டும் என் வேலை. பீளமேட்டிலிருந்து சிங்காநல்லூர் வரை வயதானவர்கள் என் பெயரைச் சொல்லித்தான் கேட்பார்கள். எனக்கு ஒரே குத்தில் நரம்பு கிடைத்துவிடும். குழந்தைகள்கூட என்னிடம் அழுவதில்லை.

மதியம் சாப்பிட்டபின் போனில் தொடர்கதை படிப்பேன். பெண்கள் எழுதி, பெண்கள் படிக்கிற ஒரு தளம். வாரத்துக்கு இரண்டு அத்தியாயம் வரும். ஒவ்வொன்றுக்கும் கீழே வாசகர்கள் கருத்து எழுதுவார்கள். அங்கே கருத்து என்றால் பாராட்டு. வேறு எதையும் யாரும் எழுதுவதில்லை.

‘உறங்காத பாளையம்’ ஜனவரியில் தொடங்கியது. எழுதியவர் பெயர் ஹாரிகா வம்சி. இருநூற்று முப்பது வருடங்களுக்கு முந்தைய கொங்குநாடு. ஒரு பாளையக்காரன். அவன் சாகாதவன், ரத்தம் குடிப்பவன். அவனுடைய பண்ணையில் வேலை செய்கிறவனின் மகள் செங்கா. அவன் தினமும் அவள் கழுத்தில் கொஞ்சம் குடிக்கிறான். அவள் நாளுக்கு நாள் வெளுக்கிறாள். வெளுக்க வெளுக்க அழகாகிறாள். அதுதான் காதல்.

ஆறாவது அத்தியாயத்துக்கு வந்த கருத்துகளில் சில:

“செம சிஸ். ஹீரோ உறிஞ்சுன சீன்ல நான் காலி.”

“இப்படி ஒருத்தன் எங்கழுத்தைக் கடிக்க மாட்டானா.”

“எங்க ஊட்டுக்காரர் காப்பியத்தான் உறிஞ்சறாருங்க. அதுலயும் ஆடை இருந்தாச் சண்டை.”

இருநூறு பேர் எழுதியிருந்தார்கள். நான் எல்லாவற்றையும் படித்தேன். 

என் அம்மா பழனியாத்தாள் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோப்பில் தேங்காய் உரிக்கிற களத்தில் வேலை செய்தாள். வெளுத்திருந்தாள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே காகிதம் போல இருக்கும். சமையலறை மண்சுவரைச் சுரண்டித் தின்பாள். சுவரில் அவள் நகம் பட்ட இடம் குழியாக இருந்தது. மூன்றாவது பிரசவத்தில் இறந்தாள். அவளுக்குப் போக ரத்தமே இல்லை என்று நர்ஸ் சொன்னார். எனக்குப் பதினொரு வயது. பாயில் கிடந்தவளைப் பார்த்தவர்கள் யாரும் அழகு என்று சொல்லவில்லை.

அதனால் ஒரு கருத்து எழுதினேன். ‘வாசகி 46’ என்ற பெயரில். அதற்கு முன் என் விரலைக் குத்தி ஐந்தாறு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்தேன். தெரியாததை எழுதக்கூடாது. ரத்தம் பல்லில் ஒட்டும். துருப்பிடித்த சங்கிலியை நக்குவது போல இருக்கும். சில நிமிடத்தில் உறைந்து ஈரல் துண்டு போலத் தொங்கும். ஒரு குவளை குடித்தவன் வாந்தி எடுப்பான், முத்தம் கொடுக்கமாட்டான். ரத்தம் குறைந்தவளுக்கு மூச்சு வாங்கும், முடி கொட்டும், உதட்டோரம் புண்ணாகும். இதைத்தான் எழுதினேன். மரியாதையாக எழுதினேன்.

“அக்கா, கதைக்குக் கருத்துப் போடச் சொன்னா லேப் ரிப்போர்ட் போடறீங்க” என்று ஒருத்தி எழுதினாள். அதற்கு நாற்பத்தோரு சிரிப்பு. எழுத்தாளர் மட்டும் “கருத்துக்கு நன்றிங்க” என்று பதில் போட்டிருந்தார். அதன் பிறகும் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் எழுதினேன்.

மார்ச் மாதம் பீளமேட்டில் ஒரு புதிய வீட்டுக்குப் போனேன். பம்பு கம்பெனி வைத்திருக்கும் நாயுடு குடும்பம். மருமகளுக்குக் குழந்தைக்கான சிகிச்சை. ஹார்மோன் அளவு பார்க்க அடிக்கடி ரத்தம் எடுக்க வேண்டும். சீட்டில் பெயர் ஹாரிகா, கணவர் வம்சி. மாமியார் லட்சுமியம்மாள் கதவைத் திறந்தார்.

“வாங்க கண்ணு, உக்காருங்க. எங்க மருமக கதை எழுதறாளுங்க. காத்தால எந்திரிச்சா லேப்டாப்புதான். உங்களப் பாத்தாத்தான் கைய நீட்டுவா போல.”

அவளுக்கு முப்பத்தொன்று இருக்கும். ஒல்லி. சோபாவில் உட்கார்ந்து கையை நீட்டினாள். நான் மேல்கையில் ரப்பர் கட்டுப் போட்டதும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“பாக்க மாட்டனுங்க. ரத்தத்தப் பாத்தா எனக்கு மயக்கம் வந்துரும். எடுத்து முடிச்சு உள்ள வெச்சுப்போட்டுச் சொல்லுங்க அக்கா.”

அறுபது அத்தியாயம் ரத்தமாக எழுதப் போகிறவள், ஐந்து மில்லி ரத்தத்தைப் பார்க்கமாட்டாள். எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. சாக்கடை ஓரம் வாந்தியை மிதித்தால் வருவது போல ஒன்று வந்தது. அது கோபம் இல்லை.

அன்று ஒரு குழாய்தான் எடுத்தேன். எல்லோருக்கும் எடுப்பது போல.

அடுத்த முறை அவளே பேச்சை எடுத்தாள். முகம் ஜன்னல் பக்கம் இருந்தது.

“அக்கா, நீங்க இந்த வேலைல இருக்கறவங்க, ஒண்ணு கேக்கட்டுங்களா? ஒரு வாசகி பக்கம் பக்கமா எழுதறாங்க, ரத்தம் நாறும், உறையும்னு. படிச்சா எனக்கே கொமட்டுது. பாவமுங்க. அவங்கள யாரும் ஆசையாத் தொட்டதே இல்லையாட்ட இருக்குது.”

“இருக்கும் மேடம்” என்றேன்.

“நெசமாவே நாறுங்களா?”

“பாத்தாத் தெரியுமுங்க.”

“அய்ய, வேண்டாமுங்க” என்று சிரித்தாள்.

அவள் சொன்னது என்னைப் பாதிக்கவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று நான் ஐந்து குழாய் எடுத்தது அதனால் இல்லை. ரத்தம் போவது எப்படி இருக்கும் என்று எழுதுகிறவளுக்குத் தெரியவேண்டும். எழுத்தில் சொன்னேன், புரியவில்லை. வேறு விதமாகச் சொன்னேன். கருத்துதான்.

அதன்பின் குழாய்களை விட்டுவிட்டேன். இருபது மில்லி சிரிஞ்சு. நரம்பில் சின்ன ஊசியை வைத்து ஒட்டிவிட்டால் சிரிஞ்சை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்கலாம், வலிக்காது. மூன்று, பிறகு நான்கு, பிறகு ஐந்து. வாரம் இரண்டு நாள். டாக்டர் கேட்டது மாதத்தில் மூன்று முறைதான். மற்றதெல்லாம் நான் சொன்ன டெஸ்ட். சிகிச்சையில் இருப்பவர்கள் ஏன் என்று கேட்பதில்லை. அந்த வீட்டில் சுத்தமாகக் கேட்கமாட்டார்கள். வீடு தேடி வருகிறவளிடம் போய் எதற்கு இவ்வளவு என்று கேட்பது மரியாதை இல்லை. லட்சுமியம்மாள் ஒரே ஒரு தடவை, “ஏனுங் அம்மணி, இன்னும் எத்தன டெஸ்ட்டுங்க?” என்றார். உடனே அவருக்கே சங்கடமாகிவிட்டது. “சும்மா கேட்டனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. காப்பி குடிச்சுப்போட்டுத்தான் போகோணும்” என்று உள்ளே போய்விட்டார். ஒவ்வொரு முறையும் காப்பி கொடுத்தார். நல்ல காப்பி.

எடுத்ததை நான் எதற்கும் பயன்படுத்தவில்லை. லேபுக்குக் கொண்டுபோய் ப்ளீச்சிங் கலந்து அரை மணி நேரம் வைத்து, தொட்டியில் ஊற்றித் தண்ணீர் திறந்துவிடுவேன். விதிப்படி.

ஹீமோகுளோபின் முதலில் பன்னிரண்டு புள்ளி நான்கு. மே மாதம் எட்டரை. ஜூன் கடைசியில் ஆறு. ரிப்போர்ட்டில் ஒவ்வொரு முறையும் பன்னிரண்டும் சில்லறையும் அடித்தேன். டாக்டர் அந்தக் காகிதத்தைப் பார்ப்பார். இமையை இழுத்துப் பார்க்கிற பழக்கம் இப்போது இல்லை.

அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மாடிப்படி ஏறுவதை விட்டாள். உதட்டோரம் வெடித்தது. எனக்கு எதிர்பார்ப்பு இருந்தது. ஒவ்வொரு அத்தியாயத்தையும் அந்த எதிர்பார்ப்போடுதான் திறந்தேன். இனி செங்காவுக்கு மூச்சு வாங்கும், முடி கொட்டும், அவனை அவள் அருவருப்பாள் என்று நினைத்தேன். அப்படி ஒரு வரி வந்திருந்தால் அன்றே நிறுத்தியிருப்பேன். இதைச் சத்தியமாகச் சொல்கிறேன்.

வரவில்லை. அந்த வீட்டில் யாருக்குமே அது நோயாகத் தெரியவில்லை.

“மருமக எப்படிக் கலராயிட்டா பாத்தீங்களா கண்ணு? கல்யாணத்தப்ப மாநெறமுங்க. இப்ப சொந்தக்காரங்க எல்லாம் என்ன கிரீம்னு கேக்கறாங்க” என்றார் லட்சுமியம்மாள். அவர் முகத்தில் பெருமை இருந்தது. மருந்துதான் நிறம் கொடுக்கிறது என்று நம்பினார்கள். தூரத்து உறவில் இரண்டு பேர் அந்த டாக்டரின் பெயரை வாங்கிப் போனார்களாம்.

ஹாரிகா தன் படத்தைத் தளத்தில் போட்டாள். வெள்ளைச் சேலை, வெளுத்த முகம். முந்நூறு கருத்து. “சிஸ், நீங்கதான் செங்கா.” “என்ன நெறம், கண்ணு பட்டுரும்.” “உங்க ஹீரோ ஊட்டுல இருக்காருங்களா, கழுத்தக் காட்டுங்க பாப்போம்.” நான் லேபின் கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். முகம் கழுவிக்கொண்டு வந்து மீதியையும் படித்தேன்.

ஜூலை ஏழாம் தேதி அவள் கருத்தரித்திருப்பது தெரிந்தது. முதலில் தெரிந்தது எனக்கு. மெஷினிலிருந்து எண் வந்ததும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு வருடங்களாக அவள் அதற்காகக் காத்திருந்தாள் என்று தெரியும். அந்த ரிப்போர்ட்டில் நான் எதையும் மாற்றவில்லை. நானே போன் செய்து சொன்னேன். அழுதாள். “மொதல்ல உங்க வாயால கேட்டனுங்கக்கா. கொழந்த பொறந்தா உங்க கையிலதான் மொதல் ஊசி” என்றாள்.

மூன்று வாரம் கழித்துப் போனபோது லட்சுமியம்மாள் சிரித்துக்கொண்டே சொன்னார்: “பச்சரிசிய அள்ளி அள்ளித் திங்கறா கண்ணு. மசக்கையாட்ட. ஒரு டம்ளர் எடுத்துட்டுப்போய் லேப்டாப்புகிட்ட வெச்சுக்கறா.”

மசக்கை இல்லை. ரத்தம் வற்றியவர்கள் அப்படித்தான் தின்பார்கள். எனக்குச் சமையலறைச் சுவர் நினைவுக்கு வந்தது. அன்று ஊசி போடாமல் திரும்பி வந்துவிட்டேன். டெஸ்ட் நாள் தப்பாகக் குறித்துவிட்டேன் என்று சொன்னேன். அத்தோடு விட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். விட்டிருப்பேன்.

அன்று மதியம் ஐம்பத்தெட்டாம் அத்தியாயம் வந்தது. செங்கா கர்ப்பம். பாளையக்காரன் அவளிடம் சொல்கிறான்: இனி உன் ரத்தத்தில் இரண்டு உயிரின் ருசி. அவள் வெட்கப்பட்டுக் கழுத்தைச் சாய்க்கிறாள்.

“ஸோ க்யூட்” என்று நூற்றுப்பத்து பேர் எழுதியிருந்தார்கள்.

கடைசி அத்தியாயம் ஆகஸ்டு மூன்றாம் தேதி காலையில் வந்தது. செங்கா தன் ரத்தம் முழுவதையும் கொடுத்துச் சாகாதவளாகிறாள். படித்துவிட்டு நேராகப் பீளமேட்டுக்குப் போனேன். லட்சுமியம்மாள் கோயிலுக்குப் போயிருந்தார். ஹாரிகா சோபாவில் சாய்ந்து கையை நீட்டினாள். கை குளிர்ந்திருந்தது. நரம்பு தட்டையாகக் கிடந்தது. நான் கண்டுபிடித்தேன்.

“கதைய முடிச்சுப்போட்டனுங்கக்கா” என்றாள் ஜன்னலைப் பார்த்தபடி. “அந்த வாசகி 46 இருக்காங்களே, அவங்க என்ன எழுதுவாங்கன்னுதான் காத்துட்டிருக்கறேன். மத்தவங்க எல்லாம் சும்மா செம செமம்பாங்க. அவங்கதான் ஒரு வரி விடாமப் படிக்கறாங்க.”

 நான்காவது சிரிஞ்சை மாற்றிக்கொண்டிருந்தேன்.

“இன்னைக்கு ரொம்ப நேரமாகுதுங்களா?”

“கொஞ்சமுங்க.”

“தல சுத்துதுங்கக்கா.”

“கண்ண மூடிக்கோ கண்ணு” என்றேன். ஐந்து மாதத்தில் முதல் முறையாக அவளைக் கண்ணு என்று கூப்பிட்டேன்.

மூடிக்கொண்டாள். அதற்குப் பின் எத்தனை சிரிஞ்சு என்று நான் எண்ணவில்லை. இனி வராது என்ற வரைக்கும் எடுத்தேன். பஞ்சு வைத்துக் கையை மடக்கி மடியில் வைத்தேன். ரத்தம் கொண்டுபோகிற ஐஸ் பெட்டியை மூடினேன். பன்னிரண்டு மணிக்குள் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டாள் என்றும், வயிற்றில் எட்டு வாரம் என்றும் நீங்கள்தான் சொன்னீர்கள். வாரக் கணக்கு எனக்குத் தெரியும்.

ஹாரிகாவைக் கொன்றது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ரத்தம் குடிப்பவள் என்று நேற்று உங்கள் ஏட்டு சொன்னார். அதை நீக்கிவிடுங்கள். நான் ஒரு வாசகி. கதையைப் பொறுக்கமாட்டாமல் செய்தேன், ரசித்துச் செய்யவில்லை.

நீங்கள் இன்னொன்றும் கேட்டீர்கள். அவள் மயங்கியபின் நான் அந்த வீட்டிலிருந்து கிளம்ப நாற்பது நிமிடம் ஆகியிருக்கிறது, எதிர்வீட்டுக் கேமராவில் இருக்கிறது, அவ்வளவு நேரம் என்ன செய்தேன் என்று. எதுவும் செய்யவில்லை. எதிரில் உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுந்தது. உதடு, காது, நகம் எல்லாம் வெள்ளை. கழுத்து சாய்ந்திருந்தது. அறுபது அத்தியாயத்தில் அந்த ஒன்றை மட்டும் அவள் சரியாக எழுதியிருந்தாள். அவ்வளவு அழகு.