தொலைந்த எலக்ட்ரானுக்கு ஓர் இரங்கல் உரை

இரங்கல் கூட்டத்துக்கும் சிரித்த முகத்தோடு தலைமை தாங்கும் பேராசிரியர் அவர்களே, ஆன்றோர்களே, பிள்ளைகளின் ஆராய்ச்சியைக் கேட்டுக் கேட்டே காதுவலி கண்ட தாய்மார்களே, சுவரோரம் சூடேறி நிற்கும் கணினிகளே, வணக்கம்!

கணக்கில் காணாமல்போன எலக்ட்ரானுக்கு இரங்கல் கூட்டம் போடுவது இந்த ஆய்வுக்கூடத்தின் வழக்கம். உறவினர் ஒருவர் பேச வேண்டுமாம். என் மருமகளின் எலக்ட்ரான் எனக்குப் பேரன் முறையல்லவா? வந்துவிட்டேன்.

யார் அந்த எலக்ட்ரான்? மூலக்கூறு என்னும் சின்ன வீட்டில் சுற்றிச் சுற்றி வளர்ந்த செல்லம்! லேசர் என்னும் பேரொளி இழுத்தது, வெளியே ஓடியது. அதே லேசர் மறுகணம் திசை மாறித் தள்ளும். தள்ளினால் திரும்பும், திரும்பி வீட்டில் மோதினால் புது ஒளி பிறக்கும். அந்த ஒளி எப்படியிருக்கும் என்று கணினியில் முன்கூட்டியே கணக்கிடுவது மருமகளின் வேலை. இன்று மாலைக்குள் விடை வராவிட்டால், சோதனை செய்ய அவளுக்கென்று ஒதுக்கிய நிஜ லேசர் பக்கத்து அறைக்காரர்களுக்குப் போய்விடும். அவள் உழைப்பெல்லாம் வீண்!

போனது, வந்ததா? வரவில்லை! தேடினோமா? தேடினோம்! போலீசில் சொன்னீர்களா என்று கேட்கிறார் முன்வரிசையில் கேண்டீன்காரர். அடையாளம் கேட்பார்களே ஐயா! எல்லா எலக்ட்ரானும் ஒரே ஜாடை!

நேற்று மருமகளே கண்டுபிடித்தாள். கணினிக்குள் எலக்ட்ரான் ஓட ஒரு பெட்டி உண்டு. அதன் ஓரத்தில், வந்ததை விழுங்கும் சுவர் உண்டு. விழுங்காவிட்டால், ஓடிப்போனவை முட்டித் திரும்பிக் கணக்கைக் குழப்புமாம். அந்தச் சுவரை இவள் மூலக்கூறு வீட்டின் வாசலிலேயே வைத்துவிட்டாள்! திரும்ப நினைத்த பிள்ளை திரும்புமுன்னே தீர்ந்தது.

"மாமா, நானே முழுங்க வச்சுட்டேன்" என்று கண்கலங்கினாள். பிறகு சுவரைத் தூரத் தள்ளி, கணக்கை மறுபடி ஓடவிட்டாள். இன்னும் ஓடுகிறது. முடிவு தெரிந்தபின் கூடலாமே என்பீர்கள். கூடம் இன்றைக்குத்தானே காலியாக இருந்தது!

ஆகவே, இதோ இந்த வெற்றுப் படச்சட்டத்தின் முன் மலர்வளையம் வைத்து அழைக்கிறேன். சுற்றிய சுடரே, சோர்வறியாச் சுழலே, எங்களைச் சோகத்தில் ஆழ்த்திச் சென்றாயே...

என்னம்மா, கதவோரம் நிற்கிறாய்? சத்தமாகச் சொல்.

"மாமா, வந்துடுச்சு. மோதிடுச்சு. வெளிச்சமும் சரியா இருக்கு."

வந்துவிட்டதா! சபையோரே, யாரும் எழுந்துவிடாதீர்கள்! ஒரு வாரம் எழுத்துக்கூட்டி எழுதிய இரங்கல் இன்னும் இரண்டு பக்கம் இருக்கிறது. அப்படியே வாசிக்கிறேன், 'சென்றாயே' என்னுமிடமெல்லாம் 'வந்தாயே' என்று நீங்களே மாற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். மலர்வளையத்தை மருமகள் கையில் கொடுங்கள். லேசர் அவளுக்கே!

அழ வந்து கைதட்டும் அனைவருக்கும் நன்றி. வீடு திரும்பும்போது சுவரோரம் மட்டும் போகாதீர்கள். வணக்கம்!